முட்டைக் கப்பலா, போர்க்கப்பலா? (விவாத இழை)

#1 உப்புக்காற்று (தூத்துக்குடி)

இந்த மன்றத்தில் ரஃபேல் போர் விமானத்துக்கு ஓர் இழை, நீர்மூழ்கிக்கு இரண்டு இழை, எஸ்-400 ஏவுகணைக்கு நாற்பது பக்கத்தில் ஓர் இழை ஓடுகிறது. வேண்டியதுதான். ஆனால் தூதரகம், கடனுதவி, பயிற்சி, மருந்து, வானொலி, வணிகம் என்று ஒரு நாட்டின் கையில் இருக்கும் மற்றச் சாமான்களைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதற்காக இதைத் தொடங்குகிறேன்.

என் பிழைப்பு ஏற்றுமதிக் காகிதம். மாலத்தீவுக்குப் போகும் சரக்குக்கு ஷிப்பிங் பில் போடுவது. தோணியிலும் போகும், கன்டெய்னரிலும் போகும். மீனையும் தேங்காயையும் விட்டால் அந்த ஊர்த் தட்டில் விழுவதில் பெரும்பகுதி கடல் தாண்டித்தான் வர வேண்டும். வெங்காயம், உருளை, அரிசி, நாமக்கல் முட்டை. வீடு கட்ட ஆற்றுமணல்கூட இங்கிருந்துதான்.

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குச் சற்று முன்புதான் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற பிரசாரத்தோடு மாலத்தீவில் முய்சு ஆட்சிக்கு வந்திருந்தார். 2024 ஜனவரியில் அங்கே சில துணை அமைச்சர்கள் இந்தியப் பிரதமரைப் பற்றி எழுதியது, இங்கே சுற்றுலாவைப் புறக்கணிக்கச் சொன்னது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஆபீஸில் எல்லோரும், “மாலே கணக்கை மூடிடலாம், இனி ஒரு டிரே முட்டை போகாது” என்றுதான் பேசிக்கொண்டோம்.

ஏப்ரலில் வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் அறிவிப்பு வந்தது. மாலத்தீவுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு: 42.75 கோடி முட்டை, 35,749 டன் வெங்காயம், சுமார் 1.24 லட்சம் டன் அரிசி. 1981இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து இதுதான் அதிகபட்ச அளவு. வெங்காயத்துக்குத் தடை இருக்கும்போதே அவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள், முய்சு சொன்னபடி, அங்கே இருந்த நம் வீரர்கள் கிளம்பினார்கள். ஹெலிகாப்டரையும் டோர்னியர் விமானத்தையும் பார்த்துக்கொள்ள ராணுவச் சீருடை போடாத தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். அக்டோபரில் அதே முய்சு டில்லிக்கு வந்தார். 40 கோடி டாலர், அதோடு 3,000 கோடி ரூபாய் நாணயப் பரிமாற்ற உதவி. 2025 ஜூலையில் அவர்களுடைய 60ஆம் ஆண்டு சுதந்திர தின விழாவுக்கு நம் பிரதமர் சிறப்பு விருந்தினர்.

முட்டைதான் இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். கடன் அவர்களை நெருக்கியது, கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் நாம் அப்போது ரோஷப்பட்டு வெங்காயத்தை நிறுத்தியிருந்தால் அக்டோபரில் கையெழுத்துப் போட ஆள் வந்திருக்குமா?

இதுபோல எது பலித்தது, எது பலிக்கவில்லை? கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

#2 தடாலடி

முட்டை அனுப்பி நாட்டைக் காப்பாத்தலாம்னு நினைச்சா ஆம்லெட்தான் மிஞ்சும். 1988 நவம்பர்ல மாலேல கூலிப்படை புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தப்போ யார் போனா? முட்டை வண்டியா? நம்ம பாராசூட் படை. ஒரே ராத்திரில முடிச்சாங்க. பலம் இருந்தாதான் மத்ததெல்லாம் எடுபடும்.

#3 உப்புக்காற்று

மறுக்கவில்லை. ஆனால் 1988இல் உயிரைக் காப்பாற்றிய அந்த நாட்டில்தான் 2023இல் ‘இந்தியாவே வெளியேறு’ என்று கோஷம் போட்டு ஒருவர் ஜெயித்தார். அவர்கள் போகச் சொன்னது எண்பதுக்கும் குறைவான சீருடை ஆட்களை. முட்டையைப் போகச் சொல்லவில்லை.

#4 கோப்புப்புழு (ஓய்வு பெற்றவர், டில்லி)

முப்பது வருஷம் மத்திய அரசில் கோப்பு தள்ளியவன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள்.

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். வெளியுறவு அமைச்சகத்துக்கு 20,516 கோடி. இதை வைத்து “முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான்” என்று கூவுவது சுலபம். அது நேர்மையான கணக்கு அல்ல. பாதுகாப்பு ஒதுக்கீட்டில் பென்ஷன் மட்டுமே 1.6 லட்சம் கோடி. தூதருக்குச் சம்பளமும் வாடகையும் போதும், விமானந்தாங்கிக் கப்பல் தேவையில்லை. விகிதத்தை விட்டுவிட்டு அந்த 20,516 கோடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூட்டானுக்கு 2,150, நேபாளத்துக்கு 700, மாலத்தீவுக்கு 600, இலங்கைக்கு 300. பூட்டானில் நீர்மின் நிலையங்கள் இருப்பதால் அது தனிக் கதை.

பணத்தைவிடப் பெரிய பஞ்சம் ஆட்களுக்கு. இந்திய வெளியுறவுப் பணியில் அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர்தான். 140 கோடிப் பேருக்கு! ஆஸ்திரேலியாவின் லோவி ஆய்வு நிறுவனத்தின் 2024 கணக்கில் வெளிநாட்டு அலுவலகங்கள் சீனாவுக்கு 274, அமெரிக்காவுக்கு 271, நமக்கு 194. சில ஊர்களில் தூதரகம் என்றால் அதிகாரிகள் இரண்டு மூன்று பேர். அவர்களே விசா, அவர்களே வணிகம், அவர்களே பண்பாட்டு விழா, அமைச்சர் வந்தால் அவர்களே விமான நிலையம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ‘கடனுதவி’ என்று அறிவிக்கும் தொகை அந்த நாட்டின் கைக்குப் போவதில்லை. எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கி இங்கே உள்ள ஒப்பந்தக்காரருக்கே நேராகக் கொடுக்கும். பொதுவாக முக்கால்வாசிப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். அதில் தப்பில்லை, எல்லா நாடும் செய்கிறது. ஆனால் திட்ட அறிக்கை வர வேண்டும், அதை இங்கே பார்க்க வேண்டும், டெண்டர், ஆட்சேபம், மறு டெண்டர். அறிவிப்பு செய்த அமைச்சர் முன்னாள் ஆகிவிடுவார். அடிக்கல்லில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

#5 வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணம். ஊரில ரெண்டு விதமான இந்திய உதவியையும் பாத்தவன், அதை எழுதிறன்.

1987 ஆனி 4ஆம் திகதி. எனக்கு ஒன்பது வயது. வடமராட்சியில ஆமி அடிச்சு நாங்கள் இடம்பெயர்ந்து வேற ஊரில சொந்தக்காரர் வீட்டில நிண்டம். பின்னேரம் பிளேன் சத்தம். பிளேன் எண்டா எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்டுதான், பங்கருக்குள்ள ஓடுறது. ஓடினம். குண்டு விழேல்லை. வெளியால வந்து பாத்தா வானத்தில குடை குடையா இறங்குது. சனம் வயல் பக்கம் ஓடினது. இந்தியா சாப்பாட்டு மூட்டை போட்டிருக்கு. அஞ்சு அன்டனோவ் பிளேன், காவலுக்கு மிராஜ் ஜெட், ‘பூமாலை’ எண்டு அதுக்குப் பேர், மொத்தம் 25 தொன் எண்டதெல்லாம் பிறகு தெரிஞ்சது. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு 25 தொன் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. அது எங்கட பசிக்குப் போட்டதில்லை, கொழும்புக்குக் காட்டினது. அப்ப எங்களுக்கு அது விளங்கேல்லை, கை தட்டினம். ஐப்பசியில அதே இந்தியாவோட சண்டை தொடங்கி, திரும்பவும் பங்கர்.

இனி மற்றது. யுத்தம் முடிஞ்ச பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டம். வடக்கு கிழக்கில 46,000 வீடு. ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமா வங்கிக் கணக்குக்கு வரும். அத்திவாரம் போட்டா ஒரு பகுதி, சுவர் எழும்பினா ஒரு பகுதி, கூரைக்கு ஒரு பகுதி. எங்கட அக்கா தானே மேசனைப் பிடிச்சு, தானே நிண்டு கல்லு எண்ணிக் கட்டினவ. முன்னுக்கு ஒரு விறாந்தையும் வேணும் எண்டு அடம்பிடிச்சு தோட்டை ஈடு வைச்சவ. இண்டைக்கும் ஆரும் வந்தா அந்த விறாந்தையிலதான் கதிரை போடுவா. இந்தியாவைப் பற்றி அவவுக்கு ஆயிரம் கோபம் இருக்கு. 87, 2009 எல்லாம் மறக்கேல்லை. ஆனா ‘இந்தியன் வீடு’ எண்டு சொல்லேக்க அவவின்ர குரலே வேற.

ஜெட்டோட வந்த பருப்பு அண்டைக்கே முடிஞ்சுது. காசோட வந்த வீடு இன்னும் நிக்குது.

#6 தடாலடி

நல்லா எழுதறீங்க அண்ணா. ஆனா ஹம்பாந்தோட்டை? வீடு கட்டிக் கொடுத்தும் துறைமுகம் சீனாக்காரன் கைல 99 வருஷம்.

#7 வடமராட்சியான்

தம்பி, அது வீடு குடுத்ததால போனதில்லை. கடன் நெருக்கடியில டொலர் தேவைப்பட்டு 2017இல 112 கோடி டொலருக்குக் குத்தகைக்கு விட்டது. கொழும்பு முதலில இந்தியாவிட்டயும் கேட்டதெண்டு இங்க எல்லாரும் கதைக்கினம். உண்மை பொய் எனக்குத் தெரியாது, விடுங்கோ.

2022இல என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. பெற்றோல் வரிசையில ரெண்டு நாள் நிண்டனான். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில. அந்த வருசம் இந்தியா குடுத்தது கிட்டத்தட்ட 400 கோடி டொலர். எரிபொருளுக்கு 50 கோடி, சாப்பாடு மருந்துக்கு 100 கோடி, யூரியாவுக்கு 5.5 கோடி, மிச்சம் நாணயமாற்றும் தவணை தள்ளினதும். 2023 தையில சர்வதேச நாணய நிதியத்துக்கு முதல் உத்தரவாதக் கடிதம் குடுத்ததும் இந்தியாதான். சீனாவின்ர கடிதம் பிந்தித்தான் வந்தது. இதில ஒரு துவக்கும் இல்லை.

#8 கோப்புப்புழு

2022ஐ நான் கோப்புக்காரன் கண்ணால் பார்க்கிறேன். பொதுவாக வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை அன்றைக்கு வாரக்கணக்கில் முடிந்தது. பிப்ரவரியில் எரிபொருள் ஒப்பந்தம், மார்ச் 17இல் நூறு கோடி டாலர் ஒப்பந்தம். அப்படியென்றால் வேகம் முடியாத காரியம் அல்ல, மேலே இருப்பவர் கூப்பிட்டுக் கேட்டால் நடக்கிறது. நெருப்புப் பிடித்தால்தான் கேட்பார்கள் என்பதுதான் நம் நோய்.

தமிழ்நாடும் அனுப்பியது. 2022 மே 18இல் சென்னையிலிருந்து முதல் கப்பல்: 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்து. தமிழர்களுக்கு மட்டும் என்று தனியாக அனுப்ப வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று சொன்னது அங்கிருந்த தமிழர் தரப்பு. அதைச் சட்டமன்றத்திலேயே பதிவு செய்தார்கள். டில்லியில் பெரிய பெரிய நிபுணர்கள் சொல்ல வேண்டிய யோசனை அது.

#9 தேயிலைக்கொழுந்து (ஹட்டன்)

வணக்கம். மலையகத்துலேர்ந்து எழுதுறேன். வடக்கு அண்ணன் சொன்ன வீட்டுக் கதையில எங்க பக்கத்தையும் சேர்த்துக்கங்க.

எங்களுக்கு முதல்ல 4,000 வீடு. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. தோட்டத்து வரிசை வீடான லயத்துல, பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல மூணு தலைமுறை இருந்த ஆளுங்களுக்கு அது வீடு மட்டும் இல்ல, முதல் தடவையா சொந்தக் காணி. 2017 மே 12 நோர்வூட் மைதானத்துக்கு மோடி வந்தாரு. நானும் போயிருந்தேன், அம்மாவைக் கூட்டிக்கிட்டு. இன்னும் 10,000 வீடுன்னு சொன்னாரு. அம்மா புடவைத் தலைப்பைத் தூக்கி ஆட்டுனாங்க. கிளங்கன் ஆஸ்பத்திரியையும் அன்னைக்குத்தான் திறந்து வச்சாரு. 150 கட்டில். அது ஓடுது, நல்லா ஓடுது.

அந்தப் பத்தாயிரத்துக்கு அடிக்கல் வச்சது 2024 பெப்ரவரி. ஏழு வருஷம். முதல்ல 45 தோட்டத்துல 1,300 வீடு. அம்மா 2021லயே போயிட்டாங்க.

கோவமா எழுதல. இந்தியா மட்டும் காரணமும் இல்ல, காணியை விடுவிக்க வேண்டியது இங்க. ஆனா மைதானத்துல கை தட்டுன ஆளுங்களுக்கு யார் எங்க தாமதப்படுத்துனாங்கன்னு தெரியாது. சொன்னது யாருன்னு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்னு. 1990ங்கிற நம்பருக்கு அடிச்சா வர்ற அம்பியூலன்ஸ் தெரியுமா? 2016ல இந்தியா குடுத்தது. முதல்ல மேல், தென் மாகாணம், பிறகு நாடு பூரா, கிட்டத்தட்ட 300 வண்டி. ஆரம்பத்துல ‘இந்தியாக்காரன் உளவு பாக்க வர்றான்’னு எதிர்ப்பு இருந்துச்சு. இப்ப மாத்தறையில ஒரு சிங்கள ஆச்சிக்கு மாரடைச்சாலும் பேரப்புள்ள அடிக்கிறது 1990தான். குடுத்தது யாருன்னு அதுக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரியணுமா? இதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க.

#10 சிற்றலைக்காரன் (73 வயது)

தேயிலைக்கொழுந்து அம்மாவின் கேள்விக்கு ஒரு கிழவனின் பதில். (அம்மாவா, ஐயாவா? தெரியவில்லை, மன்னிக்கவும்.)

நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது மதிய உணவுக்கு அமெரிக்கப் பால் பவுடர் வரும். ‘கேர்’ அமைப்பு அனுப்பியது. எண்ணெய் டின்னில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம், மேலே நட்சத்திரம், கீழே கோடுகள். டின் காலியானதும் ஆயா வீட்டுக்கு எடுத்துப் போவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அரிசி அளக்க அந்த டின்தான். அந்த வயதில் அமெரிக்கா எது என்று தெரியாது, ஆனால் அந்தக் கைகளைத் தெரியும். ஆகவே, தெரிவது நல்லதுதான்.

ஆனால் அந்தக் கைக்கு இன்னொரு குணமும் உண்டு. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமை. 1965-66இல் இங்கே மழை பொய்த்தபோது அதிபர் ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தம் போடாமல் மாசா மாசம் அளந்து விட்டார். வியட்நாம் விஷயத்தில் நாம் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை, நம் விவசாயக் கொள்கையையும் மாற்றச் சொன்னார். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று பத்திரிகைகள் எழுதின. அந்த அவமானத்தில்தான் நம்ம ஊர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோ கோதுமை விதையைக் கப்பல் கப்பலாக இறக்கினார். அமெரிக்கா கொடுத்த கோதுமைக்கு நன்றி எவ்வளவு மிஞ்சியது, இழுத்துப் பிடித்ததற்குக் கசப்பு எவ்வளவு மிஞ்சியது என்று எங்கள் தலைமுறையைக் கேளுங்கள். கசப்புதான் கூட.

அதனால் உப்புக்காற்றிடம் ஒன்று கேட்கிறேன். முட்டை ஒதுக்கீட்டை வருஷா வருஷம் அறிவிப்பாகப் போட்டால் மாலத்தீவுக்காரன் ஒவ்வொரு ஏப்ரலிலும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானே? அவனும் வேறு கோழிப்பண்ணை தேட மாட்டானா?

வானொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் பெயரே அதுதான். சீன வானொலி 1963 ஆகஸ்டு 1இல் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. சீனப் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! பிற்காலத்தில் எங்கள் ஊரிலேயே நேயர் மன்றம் வைத்திருந்தோம். பெய்ஜிங்கில் இருந்து தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் அழகான தமிழில் எங்கள் கடிதத்தைப் படிப்பார்கள். நாட்காட்டி வரும், காகிதத்தில் வெட்டிய பூ வரும், போட்டியில் ஜெயித்தால் பரிசு வரும். எழுதிய ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் வராமல் இருந்ததில்லை. நான் சீனாவின் ஆள் ஆகிவிட்டேனா என்றால் இல்லை, எல்லைச் செய்தி வந்தால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் சீனர் என்றதும் எனக்கு முதலில் ஒரு குரல் ஞாபகம் வரும், டாங்கி வராது.

பிபிசி தமிழோசை 1941இல் போர்க்காலத்தில் தொடங்கி 2017 ஏப்ரல் 30இல் சிற்றலையில் ஓய்ந்தது. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வானொலிக்கு எவ்வளவு மதிப்பு என்று நம் அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதத்தில், இலங்கையில் உள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் ராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படக் கூடாது என்று தனி வரியே எழுதி வாங்கினார்கள். அமெரிக்க அரசின் ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியை மனதில் வைத்துத்தான். அடுத்தவன் வானொலிக்கு அவ்வளவு பயந்தவர்கள், நம் வானொலியை எப்படி வைத்திருக்கிறோம்? எழுதினால் இழை நீளும்.

#11 தடாலடி

ஐயா, அந்த டின் படம் இருந்தா போடுங்க.

#12 சிற்றலைக்காரன்

வீடு மாறும்போது பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டது தம்பி.

#13 அட்லாண்டிக் கரை (வர்ஜீனியா)

ஐயா சொன்ன அந்தக் குலுக்கும் கைகளை இங்கே சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

2007 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கான்சாஸில் ஓர் உரை நிகழ்த்தினார். ராஜதந்திரம், வெளிநாட்டு உதவி போன்றவற்றுக்கு நிதியைக் கூட்டுங்கள் என்றார். சொன்னவர் ராணுவத்துக்குப் பொறுப்பானவர்! அமெரிக்காவின் மொத்த வெளியுறவுப் பணி அதிகாரிகள் சுமார் 6,600 பேர், ஒரு விமானந்தாங்கிக் கப்பல் அணியின் ஆட்களைவிடக் குறைவு என்று கணக்குச் சொன்னார். 2013இல் ஜெனரல் மேட்டிஸ் நாடாளுமன்றக் குழுவிடம் இன்னும் பச்சையாகச் சொன்னார்: வெளியுறவுத் துறைக்கு முழுப் பணம் தராவிட்டால் எனக்கு இன்னும் நிறையத் தோட்டா வாங்க வேண்டிவரும்.

இத்தனை தெரிந்த நாடுதான் 1961இல் கென்னடி தொடங்கிய, அந்தக் கைகளைச் சின்னமாகக் கொண்ட வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை 2025இல் கலைத்தது. ஜனவரி 20இல் வெளிநாட்டு உதவி நிறுத்திவைப்பு. மார்ச்சில் அமெரிக்காவின் குரல் ஊழியர்களுக்குக் கட்டாய விடுப்பு. ஜூலை 1இல் யுஎஸ்எய்டின் மிச்சம் வெளியுறவுத் துறைக்குள் போனது. அதே மாதம் வெளியுறவுத் துறையிலும் 1,300க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

எங்கள் தெருவில் ஒருவர் இருபது வருஷம் ஆப்பிரிக்காவில் மலேரியா வேலை பார்த்தவர். போன கோடையில் கராஜ் முன்னால் பழைய சாமான் விற்றார். ஒரு கொசுவலைக் கட்டு, சுவாஹிலி அகராதி, வெவ்வேறு சுகாதார அமைச்சகங்கள் கொடுத்த மரக்கேடயங்கள். கேடயத்துக்கு இரண்டு டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தார். அகராதியை நான் வாங்கினேன். “அந்த ஊர்ல டாக்டருங்க இப்ப எனக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போடறாங்க, அடுத்த மாசம் மருந்து எங்கேர்ந்து வரும்னு. நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

விமானந்தாங்கிக் கப்பலைப் பத்து வருஷம் துறைமுகத்தில் கட்டிவைத்தாலும் மறுபடி கிளப்பலாம். இந்த ஆள் போனால் அந்த டாக்டர்களின் நம்பரும் போச்சு.

#14 பாம்பன் பாலம்

எல்லாரும் தூரத்துக் கதை பேசறீங்க. ராமேசுவரத்துல கண்ணு முன்னால நடக்குறதைச் சொல்றேன். மீனவன் எல்லை தாண்டினா இலங்கை நேவி பிடிக்குது, படகை அரசுடைமை ஆக்குது. இங்க உடனே ‘நம்ம நேவி என்ன பண்ணுது’ன்னு கேள்வி. நேவியால தீராது இது. அந்தப் பக்கமும் தமிழன்தான், அவன் வலையைத்தான் நம்ம இழுவை மடி அறுக்குது. இதை ஒத்துக்கிட்டு எழுதறதுக்கே எனக்கு ஊர்ல திட்டு விழும்.

2017ல இதுக்கு ஒரு நல்ல திட்டம் வந்துச்சு. இழுவைப் படகை ஒப்படைச்சிட்டு, சூரை பிடிக்கற ஆழ்கடல் படகு வாங்கிக்க. விலை 80 லட்சம், அதுல 70 சதவீதம் மத்திய, மாநில அரசு மானியம், 20 வங்கிக் கடன், 10 நம்ம கை. மூணு வருஷத்துல 2,000 படகுன்னாங்க. இலக்கு கிட்டக்கூடப் போகல.

ஏன்? எங்க மாமா அப்ளிகேஷன் போட்டாரு. வங்கியில அடமானத்துக்கு வீட்டுப் பத்திரம் கேட்டாங்க, வீடு புறம்போக்கு. அது ஒண்ணு. இன்னொண்ணு யாரும் யோசிக்காதது. எங்க ஆளுங்க வாரத்துல மூணு நாள், சாயங்காலம் போய் காலைல வர்ற தொழில். ஆழ்கடல்னா பத்துப் பதினஞ்சு நாள் தண்ணிலயே. தூண்டில் கயிறு விடற வேலை இங்க பழக்கமில்ல, கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர்க்காரங்களுக்குத்தான் தெரியும். படகைக் கொடுத்தா போதுமா? அதை ஓட்டற பழக்கத்தை யார் கொடுக்கறது?

#15 வடமராட்சியான்

பாம்பன் அண்ணை, நீங்கள் ஒத்துக்கொண்டதுக்கு நன்றி. இஞ்ச உங்கட றோலர் (இழுவைப் படகு) வாற இரவு எங்களுக்கு நித்திரை இல்லை. மூண்டு இலட்சத்துக்கு எடுத்த வலை விடியப் பாத்தா கயிறுதான் மிச்சம். 2017இல இலங்கையில இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தவை.

அக்காவின்ர வீட்டால சம்பாதிச்ச நல்ல பேரை இந்தியா இஞ்ச இழக்கிறது றோலராலதான்.

#16 தடாலடி

வடமராட்சி அண்ணா, நம்ம ஆளுங்களைச் சுட்டும் இருக்காங்களே, அதுக்கு என்ன பதில்

#17 வடமராட்சியான்

சுட்டது நேவி, நானில்லை. வலை அறுந்தது எனக்கு. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ.

#18 நெறியாளர்

மீனவர் விஷயத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. மூன்று பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். பாம்பன் பாலம் எழுதியது தலைப்புக்குள் வருவதால் இங்கேயே இருக்கும்.

#19 தரமணி வாத்தியார்

‘ஆள்’ என்று கோப்புப்புழுவும் வர்ஜீனியாக்காரரும் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன்.

1964இல் தொடங்கிய ‘ஐடெக்’ பயிற்சித் திட்டம் பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் என்று 160 நாடுகளுக்கு மேல் அரசு ஊழியர்களை இந்தியா அழைத்து, விமான டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவு எல்லாம் கொடுத்துச் சில வாரம், சில மாதம் பயிற்சி தருகிறது. சென்னையில் அப்படி ஒரு நிறுவனத்தில் பாடம் எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வருஷம் தான்சானியாவிலிருந்து குடிநீர்த் துறைப் பொறியாளர் ஒருவர் வந்தார். நெடுநெடுவென்று ஆறடி. முதல் வாரம் சாம்பாரைக் கண்டாலே முகம் சுளித்தவர், மூன்றாம் வாரம் மெஸ்ஸில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். கோயம்புத்தூருக்கு ஒரு நாள் கூட்டிப் போனோம். பம்ப் பட்டறையில், சுழலி வார்ப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க ஊரில் ஐரோப்பிய பம்ப் பழுதானால் ஒரு உதிரிக்கு நாலு மாதம் காத்திருக்கிறோம், இங்கே தெருவிலேயே வார்க்கிறீர்களே” என்றார்.

ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு மின்னஞ்சல். அவருக்குப் பதவி உயர்வு, ஒரு மாவட்டத்துக்கே பம்ப் வாங்கும் பொறுப்பு. கோவையில் யாரிடம் பேசுவது, இந்தியா கடனுதவியில் வாங்க வழி உண்டா என்று கேட்டிருந்தார். நான் நிறுவன அலுவலகத்துக்கு அனுப்பினேன். “படிப்பு முடிந்தவர் விஷயம் நம் வரம்பில் இல்லை” என்று பதில். மேலே இரண்டு இடத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தேன். அவருக்கு ஏற்றுமதி பழக்கமில்லை, எடுபடவில்லை. வேறு நாட்டுப் பம்ப் போயிருக்கும்.

நாம் கூப்பிட்டு, சோறு போட்டு, பாடம் சொல்லி, நட்பாக்கி அனுப்பிய மனிதர். அவரே திரும்பி வந்து கதவைத் தட்டினார். திறக்க ஆள் இல்லை. சீன வானொலி, காகிதப் பூ அனுப்பிய அக்கறையில் கால்வாசி போதும்.

#20 கோப்புப்புழு

வாத்தியாரே, உங்கள் கடிதம் எந்த மேசையில் தூங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சி ஒரு பிரிவு, கடனுதவி ஒரு பிரிவு, வணிகம் வேறு அமைச்சகமே. மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் அந்த நாட்டில் உள்ள நம் தூதரகம். அங்கே இரண்டு மூன்று அதிகாரிகள். #4ஐ மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் புதிய கடனுதவி அறிவிப்பை இரண்டு வருஷம் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் ஏற்கெனவே சொன்னதை முடிக்கலாம். அதோடு வெளியுறவுப் பணியில் ஆள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம். தேர்வெழுதி வருபவர்கள் மட்டும் போதாது. பம்ப் தெரிந்தவர், மீன் தெரிந்தவர், மாலத்தீவின் திவேஹி மொழி பேசுபவர், சிங்களம் பேசுபவர் வேண்டும். மற்ற பணிகளிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது என்று சங்கம் சண்டைக்கு வரும். வரட்டும்.

#21 தடாலடி

ராணுவம் முதல்லன்றதுல நான் மாறல. ஆனா ஏழு வருஷம் அடிக்கல் வைக்கலன்னா அது முட்டைக் கொள்கையும் இல்ல, குண்டுக் கொள்கையும் இல்ல. தேயிலைக்கொழுந்து, உங்க தோட்டம் அந்த 45ல இருக்கா?

#22 தேயிலைக்கொழுந்து

இல்ல தம்பி. பக்கத்துத் தோட்டம் இருக்கு. சர்வேயர் வந்து கம்பு நட்டு நூல் கட்டிட்டுப் போனாரு. எங்க பக்கத்துப் பிள்ளைங்க அந்த நூலுக்குள்ள நின்னு ‘இது குசினி, இது சாமி ரூம்’னு விளையாடுதுங்க.

(சிற்றலைக்காரன் ஐயாவுக்கு: அம்மாதான்.)

#23 உப்புக்காற்று

ஐயா கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாக யோசித்தேன். ஒதுக்கீடு இருக்கும் சாமான்களுக்கு அந்த அறிவிப்பு வராமல் நாங்கள் பில் போட முடியாது. அது தாமதமாகும் வருஷம் மாலேயிலிருந்து எங்களுக்குப் போன் மேல் போன் வரும். “வந்தாச்சா? வந்தாச்சா?” அந்தக் குரலில் இருப்பது நட்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜான்சன் கதையைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நாளை காலை இரண்டு குளிர்பெட்டி ஏறுகிறது. ஒன்றில் கம்ப்ரஸர் மக்கர் பண்ணுகிறது என்று இப்போதுதான் யார்டிலிருந்து போன். போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்துக்குப் பதில் எழுதுகிறேன்.